மச்சான் பிடிக்கிற கயிறு

தம்பி, கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சாகி வந்துவிட்டது. கட்டுப் பிரிக்காமல் என் முன்னால் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும், அதற்குக் கை வரவில்லை. மேலாக இருந்த ஒன்றை மட்டும் உருவிப் படித்தேன். உன் பெயருக்குக் கீழே என் பெயர். கவிதா பெயருக்குக் கீழே அவள் அப்பா பாண்டியின் பெயர், அதற்கு முன்னால் ‘அமரர்’ என்று ஒரு சொல். அந்தச் சொல் அங்கே எப்படி வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உன்னிடம் போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் நாலு தடவை கூப்பிட்டேன். நீ எடுத்ததும், "சாப்பிட்டீகளாப்பா?" என்று கேட்பாய். நான், "சாப்பிட்டேன்யா, இங்கன மழை இல்லை" என்பேன். நாலு தடவையும் மழையைப் பற்றியே பேசி வைத்துவிட்டேன். கம்பத்து மழையைப் பற்றி அப்பாவுக்கு எப்போதிருந்து இவ்வளவு கவலை என்று நீ நினைத்திருப்பாய்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பத்துப் பக்கம் எழுதிய பிறகும் மழையில்தான் நிற்பேன். என் தங்கை செல்வியின் புருஷன், உன் பாண்டி மாமா, ஏல எஸ்டேட்டில் மரத்திலிருந்து விழுந்து இறந்தது அவர் போட்ட முடிச்சு அவிழ்ந்ததால் என்றுதான் நீ இத்தனை வருஷமாக நம்பியிருக்கிறாய். செல்வியும் அப்படித்தான், கவிதாவும் அப்படித்தான். அது பொய். கயிறு அறுந்துதான் விழுந்தார். அந்தக் கயிறு கெட்டுப்போனது எனக்கு முன்பே தெரியும். அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் மகளை நீ கட்டுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் இந்த வீட்டுக்கு மருமகளாக வர வேண்டுமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கயிறு கட்டி மரம் ஏறிக் கொப்புக் கழிக்கிற வேலையிலிருந்து தைப்பொங்கலுக்கு நீ பெங்களூரிலிருந்து வந்தபோது முதுகில் அவ்வளவு பெரிய பை. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால், துவைக்காத துணி பூராவையும் கொண்டுவந்திருக்கிறான் என்று வாசலிலேயே ஆரம்பித்திருப்பாள். பையைக் கவிழ்த்தால் கயிறும் கொக்கியும் பட்டையும் ஹெல்மெட்டுமாகக் கொட்டியது. செல்வியும் கவிதாவும் அன்றைக்கு ஓடைப்பட்டியிலிருந்து வந்திருந்தார்கள். பின்னால் இருக்கிற புளியமரத்தில் நீ ஏறிக் காட்டினாய். மெல்லிய நூலில் மணல் பொட்டலம் ஒன்றைக் கட்டி மேலே கொப்பு பிரிகிற கவையைத் தாண்டி வீசி, அந்த நூலைப் பிடித்துப் பெரிய கயிற்றை இழுத்தாய். கவையைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாய். பட்டுப்போன கொப்பா, பச்சைக் கொப்பா, தண்டோடு எப்படி ஒட்டியிருக்கிறது, எறும்புப் புற்று இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தாய். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னய்யா, மரம் ஏறப் போறானா, மரத்தைப் பொண்ணு பாக்க வந்துருக்கானா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு தொடைக்கும் இடுப்புக்குமாகப் பட்டையை மாட்டினாய். பெரிய கயிற்றின் மேலேயே ஒரு சின்னக் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டாய். தள்ளினால் மேலே நகர்கிறது, உடம்பின் கனம் விழுந்தால் அங்கேயே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நாற்பது வயது வரை கயிற்றோடு கிடந்தவன் நான், அப்படி ஒரு முடிச்சை நான் பார்த்ததில்லை. உடனே ஏறவும் இல்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாய். அப்போது கவிதா எழுந்து வந்தாள். "இருங்க, நான் பாக்கணும்" என்று ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தாள். எது எதற்கு என்று உன்னிடம் போனிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "எங்கப்பா மாதிரி ஆயிரக் கூடாதுல்ல மாமா" என்றாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நீ இறங்கிய பிறகு கயிற்றை அடியிலிருந்து நுனி வரை விரலில் உருவிப் பார்த்துச் சுருட்டினாய். ஏறுவதற்கு முன்னாலும் பார்த்தாயே, மறுபடியும் எதற்கு என்று கேட்டேன். "ஏறுறப்ப என்னமும் ஆயிருக்கும்லப்பா" என்று சொல்லிவிட்டு, எந்தெந்தக் கயிற்றைத் தூக்கிப் போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாய். உரசி நூல் பிரிந்தது, சூட்டில் உருகினது, ஓரிடத்தில் மட்டும் விறைத்துப்போனது. கடைசியில், "பேட்டரித் தண்ணி பட்ட நைலான் கயிறுன்னா யோசிக்கவே வேணாம். அங்கனயே துண்டு துண்டா வெட்டிப் போட்றணும். முழுசாக் கெடந்தா தெரியாம யாராவது எடுத்துருவாக" என்றாய். கழுவிவிட்டால் போதாதா என்று கேட்டேன். "கழுவுனாலும் போச்சு போச்சுதான்ப்பா. பாக்க நல்லாத்தான் இருக்கும். கனம் விழுந்தா அறுந்துரும்" என்று சொல்லிவிட்டு நீ சாப்பிடப் போய்விட்டாய். வயிறு சரியில்லை என்று நான் போய்ப் படுத்துக்கொண்டேன். அதுவரைக்கும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. கவையில் உரசி அறுந்திருக்கலாம், கம்பெனிக் கயிறே மட்டமாக இருந்திருக்கலாம், விதியாக இருக்கலாம். பதினோரு வருஷம் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றேன், தூங்கினேன். அதை நீ ஒரே வாக்கியத்தில் எடுத்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது.

நாங்கள் ஏறின விதம் வேறு. ஏலச் செடிக்குப் பாதி வெயில் பாதி நிழல் வேண்டும். அதனால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள், சித்திரை வைகாசியில், எஸ்டேட் மரங்களில் கொப்புக் கழித்து வெளிச்சம் விட வேண்டும். நிழல் கவாத்து என்பார்கள். விடிவதற்குள் கம்பத்தில் ஜீப்பில் அடைந்து உட்கார்ந்து மெட்டு என்கிற மலைச்சாலை ஏறினால் வெயில் வரும்போது மரத்தடியில் இருப்போம். ஒற்றை மூங்கிலைச் சாத்தி, அதன் கணுக்களில் கால் வைத்துப் பாதி மரம், பிறகு கட்டிப் பிடித்துப் பாதி மரம். உயரத்தில் ஒரு கவையில் கயிற்றைப் போட்டு, ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், மறு முனை கீழே நிற்கிறவர் கையில். கீழே நிற்கிறவர் பக்கத்து மரத்தில் கயிற்றை ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவர் ஏற ஏறத் தளர்ச்சியை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேலே வழுக்கினால் அந்த ரெண்டு சுற்றுத்தான் உயிர்.

கீழே நிற்கிறவர் யாராகவும் இருந்துவிட முடியாது. ஏறுகிறவரின் மச்சினனாக, அதாவது அவர் பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். மலையில் தேன் எடுக்கிறவர்களிடமிருந்து எங்கள் ஆட்களுக்கு வந்த வழக்கம் என்பார்கள். சொந்தத் தம்பிகூடப் பங்காளிச் சண்டையில் கையை விடுவான், தங்கச்சி தாலியை அறுக்க எவனும் துணிய மாட்டான் என்று கணக்கு. கயிறு மச்சான் வீட்டில்தான் இருக்கும். வாங்குவதும் காய வைப்பதும் சுமப்பதும் அவன் பொறுப்பு. ஏறுகிறவர் அதை இழுத்துப் பார்க்கக் கூடாது. இழுத்துப் பார்த்தால் மச்சானைச் சந்தேகப்பட்டதாக அர்த்தம். பக்கத்து வேலைச் செட்டில் ஒருவர் புதுசாகக் கல்யாணம் ஆனவர், விவரம் தெரியாமல் மரத்தடியில் கயிற்றை ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டார். அவர் மச்சான் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு, நடந்தே மலை இறங்கிப் போய்விட்டான். ஒரு வருஷம் பேச்சு இல்லை, அந்த வீட்டுக் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. அதைப் பெரிய ரோஷமாக நாங்களெல்லாம் பாராட்டிப் பேசினோம். இன்றைக்கு யோசித்தால், அந்த மரத்தடியில் புத்தியுள்ள காரியம் செய்தவர் அந்தப் புது மாப்பிள்ளை ஒருவர்தான்.

தொண்ணூற்றி ஒன்பதாம் வருஷம், நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அந்தத் தடவை பழைய கயிற்றைக் கழித்துவிட்டுப் புது நைலான் கயிறு வாங்கியிருந்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கும். யானையைக் கட்டலாம் என்று மாப்பிள்ளையிடம் பீற்றிக்கொண்டேன். ஜீப்பில் என் கயிறு எப்போதும் பின் சீட்டுக்கு அடியில் சாக்கில் இருக்கும். ஒருநாள் டிரைவர் பழைய பேட்டரி ஒன்றைக் கொடுத்து மாற்றுவதற்காக அங்கே வைத்திருந்திருக்கிறார். மெட்டு வளைவுகளில் அது சாய்ந்து ஒழுகியிருக்கிறது. மேலே போய்ச் சாக்கை எடுத்தால் ஓரம் நனைந்து, நெடி மூக்கைத் துளைக்கிறது. தொட்ட விரல் எரிந்தது. கயிறு ரெண்டு ஆள் நீளத்துக்கு நனைந்திருந்தது. ஓடையில் சோப்புப் போட்டு அலசினேன், பாறையில் காயப் போட்டேன். மரத்தில் கட்டிக் காலை உதைத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். தாங்கியது. பார்வைக்குப் புதுசாகத்தான் இருந்தது. இந்தக் கயிறு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், மச்சான் கயிற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் துப்பில்லாதவன் என்று செட்டில் நாலு பேர் பேசுவார்கள். அந்த நாலு பேரில் இன்றைக்கு ஒருவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு காட்டுப்பலா. இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த பாண்டி மாமா, வழக்கத்துக்கு விரோதமாக, ஒரு வார்த்தை கேட்டார். "இந்த இடத்துல மட்டும் என்ன மச்சான் வெறைப்பா இருக்கு?" இழுத்துப் பார்க்கவில்லை, சும்மா தடவிவிட்டுக் கேட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. "புதுசுல்ல மாப்பிள்ள, அப்படித்தான் இருக்கும்" என்றேன். "சரி" என்று முடிச்சைப் போட்டுக்கொண்டு மூங்கிலில் கால் வைத்தார். நாலு கொப்புக் கழித்தார். ஐந்தாவது கொப்பு முறியும்போது மரம் ஒரு ஆட்டு ஆடியது, கால் வழுக்கியது. என் கையில் கனம் வந்தது. கயிறு மரத்தில் இறுகியது, பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அடுத்த நொடி கையில் கனம் இல்லை. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை தம்பி. பதினோரு வருஷமாக என் கைக்கு அது மறக்கவில்லை.

மற்ற ஆட்கள் அடுத்த சரிவில் இருந்தார்கள். அவர்கள் ஓடி வருவதற்குள் அவர் இடுப்பில் இருந்த கயிற்றை எடுத்து, கவையில் கிடந்ததையும் இழுத்துச் சாக்கில் திணித்துவிட்டேன். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தது அதற்கு அப்புறம்தான். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வரிசையில்தான் நடந்தது. மேஸ்திரி வந்து கேட்டதும், "முடிச்சு நழுவிருச்சு" என்றேன். யாரும் மறுத்துக் கேட்கவில்லை. மச்சான் பிடித்த கயிறு அறுந்தது என்பதைவிட முடிச்சு நழுவியது என்பதை நம்புவது அவர்களுக்கும் லேசாக இருந்தது. ஜீப்பில் பின்னால் நானும் அவரும்தான், முன்னால் டிரைவரும் மேஸ்திரியும். அவர் தலை என் மடியில். இறங்குகிற வளைவு ஒன்றில் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாக்கைப் பள்ளத்தில் வீசினேன். அப்போது அவருக்கு உயிர் இருந்தது. கம்பம் வந்து சேர்வதற்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், ஊரும் தின்றது. நான் கயிற்றைத் தொடவில்லை, வாழைக்காய்க் கமிஷன் கடையில் எடை போடப் போய்விட்டேன். மச்சான் துக்கத்தில் தொழிலையே விட்டுவிட்டான் என்றார்கள். செல்விக்கும் கவிதாவுக்கும் என்னால் ஆனதைச் செய்தேன். கவிதா பெரியவளானபோது தாய்மாமன் சீர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டித் தெருவில் முன்னால் நடந்தேன். கூடப் பிறந்தால் இப்படி ஒரு அண்ணனோடு பிறக்க வேண்டும் என்று பொம்பளைகள் என் காதுபடச் சொன்னார்கள். செல்வி வருஷா வருஷம் திதியன்றைக்குப் படத்தின் முன்னால் உட்கார்ந்து புருஷனைத் திட்டுவாள். "ஒரு முடிச்ச ஒழுங்காப் போடத் தெரியாம என்னைய இப்படி விட்டுட்டுப் போயிட்டீகளே" என்பாள். அழ மாட்டாள், திட்டத்தான் செய்வாள். திராட்சைத் தோட்டத்தில் கூட வேலை செய்கிறவள் புருஷனைப் பற்றிப் பெருமையாகப் பேசினால், "எங்க வீட்டுல இருந்தது அவசரக் குடுக்க" என்பாள். பாண்டி மாமாவை மாதிரி நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவள் போட்ட வடையையும் தின்றுவிட்டு வருவேன்.

உன்னையும் அந்தப் பொய்யை ஊட்டித்தான் வளர்த்தேன். ஒரு தடவை வேப்பமரத்தில் ஏறினாய் என்று பெல்ட்டால் அடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஏன் அடித்தேன் என்று உன் அம்மா கேட்டதற்கு, "இவன் மாமன் முடிச்சுப் போடத் தெரியாம செத்தது போதாதா?" என்று கத்தினேன். உன் அம்மா கண்ணை மூடும்வரை அதைத்தான் நம்பினாள். நீ வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் போனில், "மாமா மாதிரி யாரும் விழக் கூடாதுன்னுதான்ப்பா இதைக் கத்துக்கிட்டேன்" என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஆனாலும் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்லாமல் இருக்காது. எனக்கு அதற்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் கெட்டவனுக்குத்தானே கேட்டின் வழி நன்றாகத் தெரியும். கயிறு யார் கையிலிருந்து வந்தாலும் உருவிப் பார்த்த பிறகே இடுப்பில் கட்டு. நான் கொடுத்தாலும் பார். உன் கயிற்றை ஒருவர் இழுத்துப் பார்த்தால் ரோஷப்படாதே, உன் மேல் அக்கறை உள்ளவர்தான் அதைச் செய்வார். கவிதா அடுப்பு டியூப்பைத் திருகிப் பார்ப்பாள், பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுப்பாள். நீ சிலசமயம் சலித்துக்கொள்கிறாய், கேட்டிருக்கிறேன். சலிக்காதே. அந்தப் பழக்கம் அவளுக்கு ஏன் வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும். உன் கையில் ஒன்று கெட்டுப்போனால் அந்த நிமிஷமே சொல்லிவிடு. முதல் நிமிஷத்தில் ரெண்டு ஏச்சோடு போகும். ஒருநாள் தள்ளினால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். நான் பதினோரு வருஷம் தள்ளினேன்.

இதற்கு மேலே நாலு வரி அடித்திருப்பதைப் பார்ப்பாய். இந்தக் கடிதத்தைக் கவிதாவிடம் கொடு, அவள் படித்து அவள் அம்மாவிடம் சொல்லட்டும் என்று எழுதியிருந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. விழுந்தவர் மேல் பழியைப் போட்டவன், இப்போது அதைச் சொல்கிற பாரத்தையும் பிள்ளைகள் தலையில் ஏற்றப் பார்க்கிறான். பேனாவை மூடி வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னமனூர் போய் வண்டி மாறி ஓடைப்பட்டிக்குப் போனேன். மிச்சத்தைத் திரும்பி வந்துதான் எழுதுகிறேன்.

செல்வி வாசலில் கல்யாணத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வாண்ணே. பத்திரிக்கை எங்க, வெறுங்கையோட வர்ற?" என்றாள். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். குடித்து முடித்துச் சொல்ல ஆரம்பித்தேன். பேட்டரி, ஓடை, பாறை, மூன்றாம் நாள், ஜீப், பள்ளம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த கை நடுவில் நின்றது. என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப அவுக போட்ட முடிச்சு?" என்று கேட்டாள்.

"முடிச்சு அப்படியே இருந்துச்சு தாயி. அவுக்கவே முடியல. அருவாள வச்சு அறுத்துத்தான் எடுத்தேன்."

"கடைசியா ஒண்ணுமே பேசலைன்னு சொன்னியே. அதுவும் பொய்யா?"

உன்னிடமும் இதை நான் இன்னும் சொல்லவில்லை தம்பி. சொல்லாமலே கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் நேராகக் கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை.

"பேசுனாக. வளைவுல கண்ண முழிச்சாக. ‘என்ன மச்சான் ஆச்சு?’ன்னாக. ‘முடிச்சு அவுந்துருச்சு மாப்பிள்ள’ன்னு சொன்னேன்."

"அவுக கிட்டயேவா?"

"ஆமா."

"அதுக்கு என்ன சொன்னாக?"

"‘நல்லாத்தான போட்டேன்’னாக. ரெண்டு தடவ சொன்னாக. கையத் தூக்கி விரலப் பாத்துக்கிட்டே இருந்தாக. அதுக்கப்புறம் பேச்சில்ல."

செல்வி என்னைப் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டு, "பதினோரு வருசம் அவுகளத் திட்டிருக்கேன். ஒரு நா அழுகல. ஒரு நா நல்லதாப் பேசல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நிலைப்படியில் கவிதா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியாது. என் பக்கம் வரவில்லை. அவள் அம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, அப்பா ஒழுங்காத்தான் போட்டுருக்காக" என்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் அப்போது இருந்தது கோபம் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தாங்கவில்லை. அப்பாவை நினைத்துத் தலைநிமிர்ந்து இருந்திருக்க வேண்டிய ஒரு பிள்ளையைப் பதினோரு வருஷம் கூச வைத்திருக்கிறேன். செல்வி அப்போதுதான் அழுதாள், புருஷன் செத்த வீட்டில் அழுகிற அழுகை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கல்யாண வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டு ஒருவர் ஓடி வந்தார். கவிதா அவரிடம், "ஒண்ணுமில்ல, எங்கப்பாவ நெனச்சுக்கிட்டு அழுகுறாக" என்று சொல்லி அனுப்பினாள்.

நான் புறப்பட எழுந்தபோது கவிதா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "உங்க மகன்கிட்ட நானே பேசிக்கிறேன் மாமா. நீங்க எதுவும் எடுத்துச் சொல்ல வேணாம்." அதனால் உன்னைக் கூப்பிடுவாள். இந்தக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாம். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காதே, எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. நடக்கட்டும் என்று சொன்னால், அதை என்னை மன்னித்ததாக எடுத்துக்கொள்ளாதே. அவள் உன்னைத்தான் கட்டுகிறாள்.

தெரு வரை வந்த செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். "கல்யாணம் நடந்தா மாப்பிள்ளைக்கு அப்பனா வா. வந்து சாப்பிட்டுட்டுப் போ. எம் மகளுக்குத் தாய்மாமன்னு மாலையத் தூக்கிக்கிட்டு மேடைக்கு வராத. எனக்கு அண்ணன் இல்ல."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அது நியாயம்தான். ஆகவே தம்பி, மண்டபத்தில் ஒரு நேரம் வரும். தாய்மாமன் எங்கப்பா, நேரமாகுது, மாலையைக் கொண்டாங்க என்று விவரம் தெரியாத யாராவது சத்தம் போடுவார்கள். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நீ மணையில் உட்கார்ந்துகொண்டு கழுத்தை நீட்டி என்னைத் தேடாதே, ஜாடை காட்டி மேலே வரவும் சொல்லாதே. செல்வி யாரைக் கை காட்டுகிறாளோ அவர் வந்து போடட்டும். நான் கீழே, பந்திக்குப் போகிற வழியில், வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பேன், உனக்கு அப்பாவாக மட்டும்.